நீர்மட்டம் வேறு, நீர் இருப்பு வேறு: தொட்டி முதல் அணை வரை கணக்கிடும் முறை

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 100 அடியை எட்டியது என்ற செய்தியைப் படித்ததும், முழு மட்டமான 120 அடியில் 100 அடி என்பது ஆறில் ஐந்து பங்கு, ஆகவே அணை 83 விழுக்காடு நிரம்பிவிட்டது என்று மனக்கணக்குப் போடுபவர்கள் பலர். அந்த மட்டத்தில் அணையில் இருக்கும் நீர் ஏறக்குறைய 64.8 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி); முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதால், அணை நிரம்பியிருப்பது 69 விழுக்காடுதான். நீர்மட்டம் 60 அடிக்கு இறங்கும்போது வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. உயரத்தில் சரிபாதி இருக்கிறது, ஆனால் நீரோ 25 டி.எம்.சி. அளவில், அதாவது மொத்தத்தில் கால் பங்கைச் சற்றே தாண்டி நிற்கிறது. உயரத்தை அளப்பது எளிது, கன அளவை நேரடியாக அளக்க இயலாது. அளந்த உயரத்தைக் கன அளவாக மாற்றும் கணக்கைத் தவறவிட்டால் வீட்டுத் தொட்டியிலும் இதே பிழைதான் நேரும்.

எந்தக் கொள்கலனானாலும் அதன் நிரப்பளவைச் சொல்வதற்கு முன் மூன்று செய்திகள் தெரிந்திருக்க வேண்டும். முழுமை என்று எந்த மட்டத்தைக் கொள்கிறோம், சுழி, அதாவது பூஜ்யம், என்று எந்த மட்டத்தைக் கொள்கிறோம், இவ்விரண்டுக்கும் இடையில் கொள்கலனின் வடிவம் எப்படி மாறுகிறது என்பவையே அவை. பெரும்பாலானோர் முதலாவதை மட்டும் கவனிக்கிறார்கள். உண்மையில் கணக்கைக் கெடுப்பவை மற்ற இரண்டும்தான்.

நேர்ச்சுவர்த் தொட்டிகள்

தரையடித் தொட்டி, அதாவது சம்ப், நான்கு பக்கமும் செங்குத்தான சுவர்களைக் கொண்டது என்பதால் தொடங்குவதற்கு ஏற்றது. உட்புற நீளம் 10 அடி, அகலம் 8 அடி, ஆழம் 6 அடி என்று கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 480 கன அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர் என்பதால் சுமார் 13,600 லிட்டர். வீட்டைக் கட்டியவர் சொல்லும் கொள்ளளவு பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். ஆனால் மேலே உபரிநீர்க் குழாய் பதித்திருக்கும் உயரத்துக்கு மேல் நீர் நிற்காது. கீழே மோட்டாரின் ஃபுட் வால்வு, அதாவது உறிஞ்சுகுழாயின் கீழ்முனை வால்வு, இருக்கும் மட்டத்துக்குக் கீழுள்ள நீரை மோட்டார் இழுக்காது. மேலே அரை அடியும் கீழே அரை அடியும் இப்படிக் கழிந்தால், பயன்படும் ஆழம் 5 அடி, பயன்படும் நீர் 400 கன அடி, அதாவது ஏறக்குறைய 11,300 லிட்டர். இப்போது தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்கு நீர் நிற்கிறது என்றால், 6 அடியில் ஓர் அடி என்று கணக்கிடுபவருக்கு 17 விழுக்காடு என்று விடை வரும். மோட்டாருக்கு எட்டக்கூடியது 5 அடியில் அரை அடி, அதாவது 10 விழுக்காடு மட்டுமே.

அளக்கும் முறை எளியது. மோட்டாரை நிறுத்தி, குழாயிலிருந்து நீர் விழுவதையும் நிறுத்தி, மேற்பரப்பு அசைவின்றி நிற்கும்வரை சற்றுப் பொறுக்க வேண்டும். நேரான மரச்சட்டம் ஒன்றை எடுத்து, நீர் எட்டும் என்று தோன்றும் பகுதியில் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, செங்குத்தாக இறக்கித் தரையைத் தொட்டதும் வெளியே எடுத்தால், சுண்ணம் நனைந்த இடத்தில் கோடு தெளிவாகத் தெரியும். சட்டம் சாய்ந்து இறங்கினால் உயரம் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. ஆகையால் இரண்டு மூன்று முறை அளந்து, கிடைத்தவற்றில் சிறிய அளவை எடுத்துக்கொள்வது நல்லது. அளப்பதற்காகத் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. நெடுநாள் மூடிக் கிடந்த சம்ப்பில் மூச்சுவிடத் தகுந்த காற்று இருக்கும் என்று நம்புவதற்கில்லை.

இந்தத் தொட்டியின் பரப்பு 80 சதுர அடி என்பதால், ஓர் அடி உயரத்துக்கு 2,265 லிட்டரும் ஓர் அங்குலத்துக்கு 189 லிட்டரும் வருகின்றன. அங்குலத்துக்கு எத்தனை லிட்டர் என்னும் இந்த ஒற்றை எண்ணைச் சம்ப் மூடியின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதி வைத்துவிட்டால், பிறகு யார் அளந்தாலும் ஒரே பெருக்கலில் விடை கிடைக்கும். லாரியில் வாங்கும் நீரைச் சரிபார்க்கவும் இதே எண் போதுமானது: 12,000 லிட்டர் என்று சொல்லி இறக்கிய நீர் இதே பரப்புள்ள ஒரு தொட்டியில் 63 அங்குலம் அளவுக்கு மட்டத்தை உயர்த்தியிருக்க வேண்டும்.

மொட்டைமாடியில் நிற்கும் வட்டமான பிளாஸ்டிக் தொட்டிக்கும் இதே முறைதான். பரப்பைக் கண்டுபிடிப்பது மட்டுமே வேறு. தொட்டியைச் சுற்றி டேப் பிடித்துச் சுற்றளவை எடுத்து, அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வரும். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, மீண்டும் 0.785-ஆல் பெருக்கினால் பரப்பு. சுற்றளவு 346 சென்டிமீட்டர் என்றால் விட்டம் 110 சென்டிமீட்டர், பரப்பு 9,500 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் 9.5 லிட்டர். இத்தகைய தொட்டிகளின் உடல் மடிப்பு மடிப்பாக இருப்பதால், புடைத்த பட்டைகளின் மேல் மட்டும் டேப்பைப் பிடிக்காமல் உள்வாங்கிய பகுதியிலும் ஒருமுறை பிடித்து, இரண்டின் சராசரியைக் கொள்ள வேண்டும். தோள்பட்டைக்கு மேல் தொட்டி குறுகிவிடுவதால் கணக்கை அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மிதவை வால்வு பெரும்பாலும் அதற்கு முன்பே நீரை அடைத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் மாடியேறி மூடியைத் திறக்க விரும்பாதவர்களுக்கு, கட்டட மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் டியூப் லெவலின் தத்துவமே வழிகாட்டுகிறது. தொட்டியின் அடியில் ஒளிபுகும் குழாய் ஒன்றை இணைத்து வெளிப்புறத்தில் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்முனையைத் திறந்தே வைத்தால், உள்ளே நிற்கும் மட்டமே குழாயிலும் நிற்கும். வெயிலில் பாசி பிடித்துக் குழாய் மங்கிவிடுவதுதான் இதிலுள்ள ஒரே தொல்லை. அல்ட்ராசோனிக் சென்சார் வாங்குபவர்கள், அது நீரின் உயரத்தை அளக்கவில்லை, மூடியிலிருந்து நீர்ப்பரப்பு வரையுள்ள வெற்றிடத்தை அளக்கிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். அந்த வெற்றிடத்தைத் தொட்டியின் உயரத்திலிருந்து கழித்தே கருவி மட்டத்தைச் சொல்கிறது. சென்சாருக்கு மிக அருகில் நீர் வந்துவிட்டால் எதிரொலியைப் பிரித்தறிய முடியாமல் தவறான எண் வரும். ஆகவே நிறைமட்டத்துக்கு ஒரு சாண் மேலாவது அதைப் பொருத்துவது அவசியம். ஒலியின் வேகம் 20 பாகை வெப்பத்தில் வினாடிக்கு 343 மீட்டர், 40 பாகையில் 355 மீட்டர் அளவு. வெப்பத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளாத கருவி கோடை மதியத்தில் மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பிழை காட்டும். வீட்டுத் தேவைக்கு இது பொருட்படுத்தத் தக்கதன்று என்பது என் எண்ணம்.

படுத்த உருளை

தண்ணீர் லாரியின் தொட்டியும் ஜெனரேட்டரின் டீசல் தொட்டியும் பெரும்பாலும் படுக்கைவசமாகக் கிடக்கும் உருளைகள். இவற்றில் உயரத்துக்கு ஏற்ற விகிதத்தில் கொள்ளளவு கூடுவதில்லை; அடியிலும் உச்சியிலும் குறுகி, நடுவில் விரிந்திருப்பதால், அடிப்பகுதியின் ஓர் அங்குலம் நடுப்பகுதியின் ஓர் அங்குலத்தைவிடக் குறைவாகவே கொள்ளும். சரிபாதி உயரத்தில் மட்டும் உயரமும் கொள்ளளவும் ஒத்துப்போகின்றன. உயரத்தில் 10 விழுக்காடு இருக்கும்போது கன அளவில் 5.2 விழுக்காடு, 20-க்கு 14.2, 25-க்கு 19.6, 30-க்கு 25.2, 40-க்கு 37.4. பாதிக்கு மேலே இதே எண்களை 100-லிருந்து கழித்துத் திருப்பிப் படித்துக்கொள்ளலாம்: 75 விழுக்காடு உயரத்தில் 80.4, 90-இல் 94.8. ஆகவே 12,000 லிட்டர் லாரியில் கால் பங்கு உயரத்துக்கு நீர் மீந்திருக்கிறது என்று காட்டப்பட்டால், அதில் இருப்பது 3,000 லிட்டர் அன்று, 2,350 லிட்டர்தான். பல லாரிகளின் தொட்டி வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். வியப்பளிக்கும் வகையில், உயரத்தை விழுக்காடாக எடுத்துக்கொண்டால் அதற்கும் இதே எண்கள் மாறாமல் பொருந்தும்.

சரிந்த கரைகள்: பண்ணைக்குட்டையும் ஏரியும்

பண்ணைக்குட்டையின் கரைகள் உள்நோக்கிச் சரிந்திருப்பதால், மேலே போகப்போகப் பரப்பு விரிகிறது. மேற்பரப்பு 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், ஒன்றுக்கு ஒன்றரை என்ற சரிவு (ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கரை ஒன்றரை மீட்டர் உள்வாங்கும்) என்று வைத்துக்கொண்டால், அடிப்பரப்பு 24 மீட்டருக்கு 24 மீட்டராகவும், நடு ஆழத்தின் பரப்பு 27 மீட்டருக்கு 27 மீட்டராகவும் அமையும். மேற்பரப்போடு அடிப்பரப்பையும், நடுப்பரப்பின் நான்கு மடங்கையும் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, ஆறால் வகுக்க வேண்டும். இந்தக் குட்டைக்கு விடை 1,464 கன மீட்டர், அதாவது 14.64 லட்சம் லிட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நிற்கும்போது இதே கணக்கை அந்த மட்டத்துக்குப் போட்டால் 651 கன மீட்டர் வருகிறது. பாதி உயரத்தில் 44 விழுக்காடு. ஒவ்வொரு கால் மீட்டருக்கும் ஒருமுறை இப்படிக் கணக்கிட்டு அட்டவணையாக எழுதிக்கொண்டு, குட்டையின் நடுவில் அளவு குறித்த கம்பத்தை நட்டுவிட்டால், பிறகு கரையில் நின்றே இருப்பைச் சொல்லிவிடலாம்.

ஏரிக்கும் கண்மாய்க்கும் இவ்வளவு ஒழுங்கான வடிவம் கிடையாது. கரையை ஒட்டி மதகடியில் ஆழமாகவும், நீர்வரத்துப் பக்கம் போகப்போக ஆழம் குறைந்து தரையோடு தரையாகவும் அவை முடிகின்றன. அட்டவணை கிடைக்காத இடத்தில் தோராயமாக மதிப்பிட ஒரு வழி உண்டு. சுவர்கள் செங்குத்தாக இருந்தால் பாதி ஆழத்தில் பாதி நீர். தரை ஒரு திசையில் மட்டும் சரிந்து ஆப்பு வடிவில் இருந்தால், பாதி ஆழத்தில் கால் பங்கு நீர். நீளத்திலும் அகலத்திலும் இரு திசைகளிலும் சரிந்து குவிந்தால் பாதி ஆழத்தில் எட்டில் ஒரு பங்குதான். மேட்டூரின் பாதி மட்ட இருப்பு கால் பங்கையொட்டி நிற்பதிலிருந்து, அந்த நீர்த்தேக்கம் ஏறக்குறைய ஆப்பு வடிவத்தின் கணக்கையே பின்பற்றுகிறது என்று ஊகிக்கலாம். உள்ளூர்க் கண்மாயில் மட்டம் பாதியாகக் குறைந்ததும் நீர் பெருமளவு போய்விட்டது என்று உழவர்கள் கவலைப்படுவதற்கு இந்த வடிவமே காரணம்.

அணையின் எண்களைப் படிப்பது

பெரிய நீர்த்தேக்கங்களுக்கு ஒவ்வொரு மட்டத்துக்கும் உரிய இருப்பைக் காட்டும் அட்டவணையைப் பொறியாளர்கள் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறார்கள். காலையில் அளவுப் பலகையில் மட்டத்தைப் படித்து, அட்டவணையில் அதற்கு நேரே உள்ள எண்ணை எடுத்துக்கொள்வதே அவர்கள் செய்வது. நாளிதழில் நீர்மட்டம், நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம் என்ற நான்கும் வரும்போது, விழுக்காட்டுக்கு இரண்டாவதை மட்டுமே எடுத்து முழுக் கொள்ளளவால் வகுக்க வேண்டும். முதலாவதை வெள்ள எச்சரிக்கைக்குப் பயன்படுத்தலாம். 71 அடி வரை நீரைத் தேக்கும் வைகை அணையில் 66, 68.5, 69 அடிகளில் அடுத்தடுத்து மூன்று எச்சரிக்கைகள் விடப்படுவது, மதகைத் திறக்கும் முடிவு உயரத்தைச் சார்ந்தது என்பதால்தான்.

அலகுகளையும் பழக்கப்படுத்திக்கொள்வது நல்லது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி, லிட்டர் கணக்கில் 2,831 கோடிக்கும் மேல். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் நாள் முழுதும் ஓடினால் 86,400 கன அடி. ஆகவே வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூரிலிருந்து பாசனத்துக்கு 18,000 கன அடி திறந்தால் நாளொன்றுக்கு 1.56 டி.எம்.சி. வெளியேறுகிறது. அணை நிறைந்திருக்கும்போது உச்சியிலுள்ள ஓர் அடியில் ஏறக்குறைய ஒன்றரை டி.எம்.சி. அடங்குவதால், நீர்வரத்து இல்லாத நாளில் மட்டம் ஓர் அடி அளவுக்கு இறங்கும். 60 அடிக்கும் 90 அடிக்கும் இடையில் ஓர் அடிக்குச் சராசரியாக ஒரு டி.எம்.சி.க்கும் குறைவாகவே இருப்பதால், அதே திறப்புக்கு மட்டம் ஒன்றரை அடிக்கு மேல் சரியும். அணை வேகமாக வற்றுகிறது என்று சொல்லப்படும் நாள்களில் பல, வெளியேற்றம் கூடாமலே வருபவை.

சுழி மட்டத்தின் முக்கியத்துவத்தை முல்லைப் பெரியாறு அணையைப் போல் வேறெதுவும் விளக்காது. அதன் முழு நீர்த்தேக்க மட்டம் 152 அடி. 2014-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி நீரைத் தேக்கும் மட்டம் 142 அடி. இங்கேயே முழுமை எது என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கின்றன. மறுபக்கம், 104 அடிக்குக் கீழே உள்ள நீரைச் சுரங்கவாய் வழியாகத் தமிழ்நாட்டுக்குத் திருப்ப இயலாது. நீர்மட்டம் 123 அடி என்றால், 142-இல் 123 என்று கணக்கிடுபவருக்கு அணை 87 விழுக்காடு நிரம்பியதாகத் தோன்றும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் உழவருக்கு உரியது 104-க்கும் 142-க்கும் இடைப்பட்ட 38 அடி மட்டுமே. அதில் 19 அடி நிறைந்திருக்கிறது, அதாவது உயரத்தளவில் பாதி. அணை எதுவானாலும், விழுக்காட்டைப் படிக்கும்போது அது மொத்த இருப்பின் விழுக்காடா, மதகுக்கு மேலுள்ள பயன்படும் இருப்பின் விழுக்காடா என்று கேட்காமல் விடக் கூடாது.

பல நீர்த்தேக்கங்களைச் சேர்த்துச் சொல்லும்போது விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி எடுப்பது பரவலான பிழை. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081, கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. கண்ணன்கோட்டை முழுதும் நிரம்பி, பூண்டியில் 20 விழுக்காடு மட்டும் இருக்கும் நாளில் இரண்டின் சராசரி 60 விழுக்காடு என்று வரும். உண்மையில் இரண்டிலும் சேர்த்து இருப்பது 1,146 மில்லியன் கன அடி. கூட்டுக் கொள்ளளவான 3,731-இல் அது 31 விழுக்காடுதான். இருப்புகளைத் தனியாகவும் கொள்ளளவுகளைத் தனியாகவும் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.

நிரம்ப எவ்வளவு நேரமாகும் என்பதும் இதே எண்களிலிருந்து கிடைக்கும். செம்பரம்பாக்கத்தில் 3,245 மில்லியன் கன அடி இருந்தால் ஏரி 89 விழுக்காடு நிரம்பியிருக்கிறது, மீதமுள்ள இடம் 400 மில்லியன் கன அடி. நீர்வரத்து வினாடிக்கு 6,000 கன அடி, வெளியேற்றம் 1,000 கன அடி என்றால் நிகர வரவு 5,000. வகுத்தால் 80,000 வினாடிகள், அதாவது 22 மணி நேரம். வரத்து 20,000-ஆக உயர்ந்தால் ஆறு மணி நேரம்கூட மிஞ்சாது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் இந்த ஏரியிலிருந்து திறக்கப்பட்ட நீர் வினாடிக்கு 29,000 கன அடி வரை போனது. அந்த வீதத்தில் 400 மில்லியன் கன அடி என்பது நாலு மணி நேரத்துக்கும் குறைவான நீர். மழைக்காலத்தில் எத்தனை விழுக்காடு நிரம்பியது என்பதைவிட எத்தனை மணி நேரத்துக்கு இடம் மீதமிருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். கோடையில் அதே கேள்வி நாள்கணக்கில் மாறுகிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலின்படி, முதலில் பார்த்த சம்ப்பில் பாதி இருப்பான 5,660 லிட்டர் ஐந்து பேர் வாழும் வீட்டுக்கு எட்டு நாளைக்கு வரும். 32 பேர் வாழும் அடுக்ககத்துக்கு ஒன்றேகால் நாளைக்குச் சற்று மேல்தான்.

வண்டல்

இதுவரை சொன்ன எல்லா அட்டவணைகளும் தரை மாறவில்லை என்ற எடுகோளில் நிற்பவை. முன்னே பார்த்த பண்ணைக்குட்டையின் அடியில் 30 சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் 179 கன மீட்டர் இடம் போய்விடும். கம்பத்தில் ஒரு மீட்டர் குறியில் நீர் நிற்கும்போது பழைய அட்டவணை 651 கன மீட்டர் என்று சொல்லும்; உண்மையில் இருப்பது 472. கொள்ளளவும் 1,285-ஆகச் சுருங்கிவிட்டதால் சரியான விழுக்காடு 44 அன்று, 37. ஆழம் குறைந்த அடிப்பகுதியில்தான் பிழை மிகுதி என்பதால், நீர்த் தட்டுப்பாட்டுக் காலத்திலேயே அட்டவணை அதிகமாக ஏமாற்றும்.

வற்றிய குட்டையில் மட்டக் கருவி கொண்டு தரையை மீண்டும் அளப்பது எளிது. நீர் இருக்கும்போது அளக்க நேர்ந்தால், குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, சம இடைவெளியில் எடை கட்டிய நூலைப் படகிலிருந்து இறக்கி ஒவ்வோர் இடத்தின் ஆழத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய அணைகளில் இதே வேலையை எதிரொலிக் கருவியும் ஜி.பி.எஸ்.ஸும் பூட்டிய படகு செய்கிறது. எடை வண்டலில் புதைந்துவிடாமல் இருக்க, அதன் அடியில் தட்டையான தகடு ஒன்றைப் பொருத்துவது உதவும். தூர் வாரிய பிறகும் இந்த அளவையை மீண்டும் செய்தாக வேண்டும். புதிய அட்டவணையின் தலைப்பில் அளந்த மாதத்தையும் ஆண்டையும் எழுதிவிட்டு, பழைய அட்டவணையைக் கம்பத்தின் அருகிலிருந்து அகற்றிவிட வேண்டும்.